பழுப்பு ஏறாத துண்டு

தஞ்சாவூர்
14.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அதனால் தபாலில் எழுதுகிறேன். நீ போனை எடுத்திருந்தாலும் நான் ஒழுங்காகப் பேசியிருக்க மாட்டேன். நாலு வார்த்தைக்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் கொஞ்சம் நேராக வருகிறது.

அத்தானின் கழுத்தில் கட்டிய நெறியிலிருந்து எடுத்த துண்டுக்கு எங்கள் லேப் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீ அம்மாவிடம் கத்தினாயாம். "தங்கச்சி வேலை பாக்குற எடம்னு நம்பிக் குடுத்தேன். சதையக் கழுவி ஊத்திட்டு, ஒண்ணும் தெரியலன்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காளுவ" என்று. உன் கோபம் எனக்குப் புரிகிறது. ரிப்போர்ட்டில் இருப்பது இவ்வளவுதான்: இந்தத் துண்டை வைத்து முடிவு சொல்ல இயலாது, இன்னொரு துண்டு வேண்டும். ஏன் அப்படி ஆனது என்று எழுதிப் பார்க்கிறேன்.

எங்களிடம் வரும் துண்டை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டுவோம். சாதாரணச் சாயம் போட்டால் அதிலுள்ள வெள்ளணுக்கள் எல்லாம் நீலப் பொட்டுகளாக ஒன்றுபோலத் தெரியும். நட்டு முடித்த வயலில் எது பொன்னி, எது கலப்பு என்று பச்சையைப் பார்த்து அத்தானால் சொல்ல முடியுமா? கதிர் வந்தால்தான் தெரியும். எங்களுக்கு அந்தக் கதிரைக் காட்டுவது ஆன்டிபாடி. ஒவ்வோர் ஆன்டிபாடியும் ஒரு வகை அணுவின் மேல் மட்டும் தேடிப்போய் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் பழுப்பு நிறம் ஏறும். எல்லா வெள்ளணுவுக்கும் பொதுவாக ஒன்று, அதற்குள் ஒரு குடும்பத்துக்கு ஒன்று, இன்னொரு குடும்பத்துக்கு ஒன்று என்று நம்பர் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து, இருபது, மூன்று. (அத்தான் கேட்டால் டவுன் பஸ்ஸா என்பார்.) டிபி என்றால் நெறிக்குள் இரண்டு குடும்பமும் கலந்து கிடக்கும். ஒரே குடும்பம் மட்டும் பெருகி மற்றதை விரட்டியிருந்தால் அது வேறு நோய். அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

அத்தானின் துண்டில் எந்த நம்பருக்கும் பழுப்பு ஒழுங்காக ஏறவில்லை. அணுக்கள் கரைந்து சேறாகக் கிடந்தன. அதே கண்ணாடியின் ஓரத்தில் வேறு யாருடையதோ ஒரு டான்சில் துண்டையும் ஒட்டுவோம், சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. அதில் மட்டும் பளிச்சென்று ஏறியிருந்தது. எங்கள் பெரிய டெக்னீஷியன் சைத்தூன் பீவி அக்கா லென்ஸில் பார்த்துவிட்டு, "நம்ம கையில தப்பில்ல புள்ள. புட்டி வந்த வழியக் கேளு" என்றார்.

நீ கொண்டுவந்த அன்று நான் லீவில் திருவையாற்றில் அம்மாவோடு இருந்தேன். அதனால் கேட்கிறேன். நர்சிங் ஹோமில் கொடுத்ததும் இங்கே வந்ததும் எப்படி?

இன்னொரு துண்டு எடுக்கச் சம்மதிக்கச் சொல். காலேஜில் என்னைச் சேர்க்க வந்தபோது கிளார்க், "பொண்ணு பேசாதா?" என்றதற்கு அத்தான் சொன்னார்: "பேசும் சார், பரீட்சை பேப்பர்ல பேசும்." நம் வீட்டின் முதல் பட்டத்தை எனக்காகப் பேசி வாங்கித் தந்தவர் அவர். அவருக்காக நான் பேச வேண்டிய இடம் இதுதான்.

செம்மொழி


நன்னிலம்
21.09.2024

செம்மொழிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் உன் அத்தான் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

புட்டி வந்த வழியைக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். நர்சிங் ஹோமில் ஒரு பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, "தஞ்சாவூர்ல குடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மூடி சரியில்லை. நாச்சியார்கோவில் தாண்டுவதற்குள் என் மடியெல்லாம் ஈரம். அந்த மருந்து நாற்றம் இருக்கிறதே, பஸ்ஸில் ஒருத்தருக்கும் கண் திறக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள், "என்னத்தடி வச்சிருக்க, கண்ணு கரிக்குது" என்று முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். கண்டக்டர் வந்து, "ஆசிட்டாம்மா? எறக்கி வுட்ருவேன்" என்கிறான். "ஆசிட் இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸே சிரித்தது.

கும்பகோணத்தில் இறங்கினேன். அந்த எரிகிற தண்ணீரில் அவர் சதை ஊறிக் கிடந்தால் வெந்துபோகாதா என்று எனக்குத் தோன்றியது. அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, துண்டைக் குடிக்கிற தண்ணீரில் அலசி, புது கவரில் போட்டு முடிச்சுப் போட்டேன். மீன் கடையில் ஐஸ் கெஞ்சி வாங்கினேன். என் சாப்பாட்டுத் தூக்கைக் காலி செய்து அதில் ஐஸ் நிரப்பி நடுவில் வைத்தேன். தஞ்சாவூர் வந்தால் உங்கள் லேப் பூட்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரி அப்பாவின் தங்கை வீட்டில் தங்கி, ஐஸ் கரையக் கரைய மாற்றினேன். காலையில் கவுன்டரில் கொடுத்தேன். அங்கிருந்தவன் வாங்கிப் பார்த்துவிட்டு வேறு புட்டியில் போட்டுக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை.

நாகப்பட்டினத்து மீன் ஐஸில்தானே நம் வாசலுக்கு வருகிறது? கெட்டா போகிறது? பிறந்த பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

மறுபடி கத்தி என்றதும் அவர் அழுதார். குந்தவை எதிரிலேயே அழுதார். ஆறு வயதுப் பிள்ளை அப்பா கண்ணைத் துடைத்துவிட்டது. மாமா சொல்லிவிட்டார், "இன்னொரு தடவ என் புள்ள மேல கத்தி வைக்க வுட மாட்டேன்" என்று. இங்கே டாக்டர் டிபியாகத்தான் இருக்கும், மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார்.

நீ படித்தவள். ஒன்று சொல். தப்பு உங்கள் கையிலா, புட்டி வந்த வழியிலா? வழி என்றால் அது நான்தான். நான் கெடுத்துவிட்டேன் என்கிறாயா? அப்படியென்றால் சொல்லிவிடு. தெரிந்துகொள்கிறேன்.

மங்களாம்பிகை


தஞ்சாவூர்
26.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு என் கையில்தான்.

ஆன்டிபாடி போடுவதற்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை ஒரு கரைசலில் வைத்துச் சூடாக்க வேண்டும். அதற்கு எங்கள் லேப்பில் வைத்திருப்பது நம் வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு குக்கர். விசில் கணக்கு உண்டு. அன்று நான் கவனிக்கவில்லை. அதிகமாகக் கொதித்துவிட்டது. மெழுகில் மிச்சம் இருந்த துண்டையும் சீவி முடித்துவிட்டோம், மறுபடி போட ஒன்றும் இல்லை. போன கடிதத்தில் இதைச் சொல்லப் பயமாக இருந்தது.

ஐஸில் கொண்டுவந்ததைப் பற்றி சைத்தூன் அக்காவிடம் கேட்டேன். அதனால் ஒன்றும் ஆகாது என்றார். நீ அதை மறந்துவிடு.

மாமாவிடமும் அத்தானிடமும் என் தப்பு என்று சொல்லிக் கேள். இன்னொரு துண்டு எடுத்தால் நானே நன்னிலம் வந்து புட்டியை வாங்கிக்கொள்கிறேன். மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் நல்லது. தயவுசெய்து.

செம்மொழி


நன்னிலம்
05.10.2024

செம்மொழி,

அவருடைய கழுத்தை அடுப்பில் வைத்துவிட்டு எங்கேடி பராக்குப் பார்த்தாய்?

வீட்டில் ஒரு நாள் நீ சோறு வடித்திருக்கிறாயா? அம்மா, "படிக்கிற புள்ள, வுடு" என்பாள். நானும் விட்டேன். விசில் எண்ணத் தெரியாத கைக்கா நான் ஐஸ் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்?

இன்னொரு துண்டு கேட்கிறாய். எதற்கு, அதையும் குழைய விடவா? மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். பிறகு வந்து, "அந்த லேப்பு, இந்த லேப்பு, எதுவும் இனி வேணாம்" என்றார். மாத்திரை ஆரம்பித்துவிட்டோம். காய்ச்சல் குறைந்திருக்கிறது. நேற்று வயலுக்குப் போய் உரம் இறைத்துவிட்டு வந்தார். டிபிதான்.

தீபாவளிக்கு இங்கே வராதே.

மங்களாம்பிகை


தஞ்சாவூர்
24.11.2024

அக்கா,

அம்மா உன் வீட்டுக்கு வந்துவிட்டு வந்து எல்லாம் சொன்னாள். அத்தான் சட்டை கொடியில் தொங்குவது மாதிரி உடம்பில் தொங்குகிறதாம். ராத்திரியில் வேர்த்துப் பாய் நனைகிறதாம். கழுத்தின் மறுபக்கமும் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டதாம். நீ, "மாத்திரை சூடு, போகப் போகச் சரியாயிடும்" என்றாயாம். அம்மா அழவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். ஆய்ந்த கீரையையும் காம்பையும் ஒன்றாகப் போட்டுவிட்டாள்.

இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். இன்று முடித்து அனுப்புகிறேன்.

குக்கர் விஷயம் பொய். நான் ஒன்றும் தவற விடவில்லை. என் முதல் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் படித்துப் பார். அதே கண்ணாடியில் இருந்த டான்சில் துண்டில் பழுப்பு நன்றாக ஏறியது என்று எழுதியிருக்கிறேன். குக்கர் கெடுத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் கெடுத்திருக்கும். இரண்டும் ஒரே சில்லில்தான் கொதித்தன.

அந்த எரிகிற தண்ணீரை நீ கொட்டியதுதான் காரணம். அதன் பெயர் ஃபார்மலின். உடம்பிலிருந்து வெட்டிய நொடியில் அணுக்கள் தம்மைத் தாமே தின்ன ஆரம்பிக்கும். அதைத் தடுத்து, இருந்தது இருந்தபடி நிறுத்தி வைப்பது அந்தத் தண்ணீர். அது இல்லாமல் ஒரு பகல், ஒரு ராத்திரி போய்விட்டது. ஐஸ் பட்ட இடத்தில் அணுக்கள் கிழிந்தும் போயிருந்தன. மீனை நாம் குழம்புக்கு வைக்கிறோம், அதற்கு ஐஸ் போதும். நாங்கள் ஒவ்வோர் அணுவின் தோலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆன்டிபாடி போய் உட்காருவது அந்தத் தோலில்தான். தோல் இல்லையென்றால் அது எங்கே உட்காரும்?

அக்கா, உன்னிடம் யாருமே சொல்லவில்லை. இதைக் கொட்டாதீர்கள் என்று அந்த நர்சிங் ஹோமில் ஒருவர் சொல்லியிருக்கலாம். எங்கள் கவுன்டரில் ஒருவர் கேட்டிருக்கலாம். துண்டு எடுக்கப் போகிறோம் என்று நீ அம்மாவிடம் சொன்ன அன்றே நானாவது போன் செய்து சொல்லியிருக்கலாம். நான் போன் செய்யவில்லை, ஏனென்றால் நான் போன் செய்கிறவள் இல்லை.

'சொல்லிவிடு, தெரிந்துகொள்கிறேன்' என்று நீ எழுதிய இடத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் சொல்ல முடியவில்லை. பழியை நான் வாங்கிக்கொண்டால் நீ என்னைத் திட்டிவிட்டு இன்னொரு துண்டு கொடுத்துவிடுவாய் என்று நினைத்தேன். கெடுத்தேன் என்று சொல்கிறவள் கையில் யார் மறுபடி கொடுப்பார்கள்? அதை நான் யோசிக்கவில்லை. அத்தனை படித்தும் அதை யோசிக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அத்தானை அழைத்துக்கொண்டு போ. கும்பகோணமோ திருச்சியோ, எங்கே வேண்டுமானாலும். புட்டியில் அந்தத் தண்ணீர் இருக்கட்டும். கண் எரிந்தால் எரியட்டும்.

செம்மொழி


(புட்டியோடு கவுன்டரில் கொடுத்தது)
04.12.2024

செம்மொழி,

மழையில் நன்னிலம் பஸ் இரண்டு நாள் ஓடவில்லை. இல்லாவிட்டால் முன்பே வந்திருப்பேன்.

கும்பகோணத்தில் எடுத்தோம். மாமாவிடம் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் அவரை அழைத்துப் போனேன். இந்த முறை மூடியைச் சுற்றி டேப் ஒட்டச் சொன்னேன். அந்தத் தண்ணீர் முழுக்க இருக்கிறது. நான் திறக்கவில்லை.

நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று இந்தப் பையன் சொல்கிறான். கூப்பிடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். உன் முகத்தைப் பார்த்தால் நான் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அவர் கீழே ஆட்டோவில் இருக்கிறார்.

அக்கா


தஞ்சாவூர்
10.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரிப்போர்ட்டில் எங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதனால் இப்போது எழுதலாம்.

சைத்தூன் அக்கா, "இத நான் பண்றேன், நீ போயி டீ குடிச்சுட்டு வா" என்றார். நான் போகவில்லை. மெழுகில் புதைப்பதிலிருந்து எல்லாவற்றையும் நானே செய்தேன். வேறு யாராவது செய்தால் பிறகு அவர்கள் கையைச் சந்தேகப்படுவேன் என்று பயம்.

நாற்பத்தைந்து ஏறியது. மூன்று அங்கங்கே சிதறலாக, ஒதுங்கி நின்றது. இருபது போட்ட சில்லைக் கடைசியாக வைத்தேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை பழுப்பு. ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் வட்டம் போட்ட மாதிரி, அவ்வளவு சுத்தமாக. சாயம் நன்றாக ஏறினால் எங்களுக்குச் சந்தோஷம் வரும், அக்கா. பழக்கம். ஒரு நொடி எனக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அது யாருடைய கழுத்து என்று நினைவு வந்தது. சைத்தூன் அக்கா என் தலையை லென்ஸிலிருந்து பிடித்து விலக்கினார்.

டிபி இல்லை. வெள்ளணுவில் வருகிற புற்று. சீக்கிரம் பரவுகிற வகை. ஆனால் மருந்து இருக்கிறது. நாங்கள் இருபதைத் தேடிப்போய் உட்கார வைக்கிற மாதிரியே ஓர் ஆன்டிபாடியை மருந்தாகவும் ஏற்றுகிறார்கள். அது இரத்தத்தில் போய் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடிக்கும். பாண்டிச்சேரியில் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டோடு டாக்டர் தனியாக ஒரு சீட்டும் எழுதித் தந்திருக்கிறார், பத்திரமாக வைத்துக்கொள். நாளைக்கே கிளம்பு. வயலில் நிற்கிற தண்ணீரை வேறு யாராவது வடிப்பார்கள்.

நானும் வரட்டுமா? வரவேண்டும் என்றால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். வாசலில் நின்றாலும் போதும்.

செம்மொழி


பாண்டிச்சேரி
07.01.2025

செம்மொழிக்கு,

நீ வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னது கோபத்தில் இல்லை. மாமா இங்கேயே இருக்கிறார். உன்னைப் பார்த்தால் என்ன செய்வாரோ தெரியாது. அவர் இன்னும் குக்கர் கதையில்தான் இருக்கிறார்.

உன் அத்தானுக்கு இரண்டு முறை மருந்து ஏற்றிவிட்டார்கள். நெறி சின்னதானது. தலைமயிர் கொட்டியதும் குந்தவைக்கு வீடியோவில் காட்டி, "அப்பா பழனிக்குப் போயிட்டு வந்தேன்" என்றார். பிறகு நெஞ்சில் சளி பிடித்தது. இப்போது மூக்கில் டியூப். எதிர்ப்புச் சக்தி ஒன்றுமே இல்லை என்கிறார்கள்.

போன வாரம் மாமா சாப்பிடப் போயிருந்தபோது உன் அத்தானிடம் ஐஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவர் காலைப் பிடித்துவிட முடியவில்லை. மூக்கு டியூப்பை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"ஐஸ்ல வச்சியா?"

"ஆமாங்க."

"என்ன மீனுன்னு நெனச்சு வச்ச? மத்தியா, வஞ்சிரமா?"

"வஞ்சிரம்."

"அப்பச் சரி" என்றார். சிரித்தால் இருமல் வருகிறது, அதனால் கண்ணால் மட்டும் சிரித்தார். நீ பழியை வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். "அது வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. தொறந்த அன்னிக்குப் பொய்யா?" என்றார். பிறகு, "உனக்காகத்தான பேசுச்சு" என்றார்.

அவர் அவ்வளவு நல்லவர். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. டாக்டரம்மாவிடம், "ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர், "அதையெல்லாம் இப்பக் கேக்காதீங்கம்மா" என்றார். அது பதில்தானே. செப்டம்பரில் நடந்தது என் தப்பு. என் கையை நானே வெட்டிப் போட்டாலும் தீராது. ஆனால் அக்டோபரும் நவம்பரும் என்னுடையது இல்லை, செம்மொழி. அன்றைக்கே நீ உண்மையைச் சொல்லியிருந்தால் மாமா காலில் விழுந்தாவது அவரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நான் உடைந்துபோவேன் என்று பயந்தாய். உடைந்திருந்தால் என்ன? உடைந்தவள் நடக்க மாட்டாளா?

உன்னைத் திட்டவில்லை. எழுதாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை.

அக்கா


நன்னிலம்
30.01.2025

செம்மொழிக்கு,

பொங்கல் முடிந்து அவர் போய்விட்டார். அம்மா சொல்லியிருப்பாள். ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோது வழியெல்லாம் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நம் வயல் மட்டும் சாய்ந்து கிடந்தது.

நீ வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போனாயாம். பக்கத்து வீட்டு செந்தில்குமார் பார்த்திருக்கிறான். உள்ளே வராமல் போனதற்கு நன்றி என்று எழுதுகிறேன். தங்கைக்கு இப்படி ஒரு நன்றி எழுதுகிற அக்கா இருப்பாளா தெரியவில்லை.

மாமா இப்போது வயலுக்குப் போவதில்லை. காலையிலிருந்து வாசலில் நாற்காலியில் இருக்கிறார். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்: "நல்லா இருந்த புள்ளைங்க. லேப்புல ஒரு பொண்ணு கெடுத்துட்டா. எங்க மருமவளோட கூடப் பொறந்ததுதான். அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது. அவ கையால ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டேன்." வருகிறவர்கள் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

முந்தாநாள் சொல்லிவிடலாம் என்று போனேன். சாப்பாட்டுத் தட்டோடு போனேன். "மாமா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். குந்தவை அவர் மடியில் இருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு வாய் வைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். இவர் போன பிறகு அவர் வாங்கிச் சாப்பிடுவது என் கையால் மட்டும்தான். மகளிடம்கூட வாங்குவதில்லை. அந்தத் தட்டைப் பார்த்தேன். "மோர் ஊத்தட்டுமா மாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிள்ளையை வைத்துக்கொண்டு நான் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். இருக்க ஆசையும்தான். அவர் சட்டை எல்லாம் இங்கே இருக்கிறது. பெரியவரும் என்னை விட்டால் யார் கையில் சாப்பிடுவார்?

செப்டம்பரில் நீ எனக்கு ஒரு பொய் கொடுத்தாய். நான் கேட்கவில்லை, நீயாகக் கொடுத்தாய். நவம்பரில் திருப்பி வாங்கிக்கொண்டாய். அந்தப் பொய்க்காகத்தான் உனக்குப் பாண்டிச்சேரியிலிருந்து அப்படி எழுதினேன். இப்போது அது எனக்கு மறுபடி வேண்டும்.

கருமாதிக்கு நீ வராமல் இருக்க வேண்டும். அதற்கப்புறமும்தான். கேட்க எனக்கு உரிமை இல்லை. அவர் இருந்திருந்தால் கேட்க விட்டிருக்க மாட்டார். அதனால் அவர் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மங்களாம்பிகை


தஞ்சாவூர்
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வைத்துக்கொள்.

கருமாதி அன்று நான் வேலைக்குப் போகிறேன். லீவு கேட்கவில்லையா என்று சைத்தூன் அக்கா கேட்டார். "ஒன் அத்தான்தானே?" என்றார். ஆமாம், ஆனால் இப்போது தூரத்துச் சொந்தம் என்றேன். அவர் அன்றைக்கு வந்த புட்டிகளை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். இப்போது எந்தப் புட்டி வந்தாலும் கவுன்டருக்கு நானே போகிறேன். எந்தத் தண்ணீர், எப்போது போட்டது, வழியில் யாராவது திறந்தார்களா என்று கொண்டுவந்தவரிடம் கேட்கிறேன். முதல் நாள் குரல் வரவில்லை. இப்போது வருகிறது.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாமா யாரிடம் சொன்னாலும் லேப் என்று சொல்ல வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். அங்கே சைத்தூன் அக்கா இருக்கிறார், அவருடைய கை சுத்தமான கை. என் பெயரைச் சொல்லட்டும். அந்தப் பெயரை அப்பா கட்சிக்காரர்களோடு ஊர்வலம் போய் வந்த கையோடு வைத்தார் என்பாய், கூப்பிடவே வாய் வலிக்கிறது என்பாய். திட்டுவதற்குச் சுலபமாகத்தான் இருக்கும்.

அக்டோபரையும் நவம்பரையும் பற்றி நீ எழுதியது சரி. அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆகவே நீ கேட்டது முழுப் பொய்யும் இல்லை, அக்கா. பாதியாவது என்னுடையதுதான். அதனால் தயங்காமல் சொல்.

குந்தவை பெரியவளான பின் எங்காவது எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் நின்று பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு அத்தான் மூக்கு.

இது தபாலில் வரவில்லை, அம்மா கையில் வருகிறது. படித்ததும் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. பதில் எழுதாதே. நீ கவரோடு தபால்பெட்டிக்குக் கிளம்புகிறபோது மாமா வாசலில் நாற்காலியில் இருப்பார். புருஷனைக் கெடுத்தவள் என்று நீ சொல்கிற ஒருத்தி பெயருக்கு உன் கையெழுத்தில் ஒரு கவர் போவதைப் பார்த்தால், இவளுக்கு நீ என்ன எழுதுகிறாய் என்று கேட்பார். அப்போது உனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

செம்மொழி